முடத்தெங்கும் மனநிறைவும்

ஆசிரியனது இயல்பை ஆராயப் புகுந்த பவணந்தி முனிவர், நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்பவற்றை உவமை கூறினார். ஆசிரியராகத் தகாதாருக்கு அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவன் நீர் வார்த்து வளர்க்க, வளைந்து சென்று வேலிக்கப்பால் மற்றொருவன் காணியிலே காய்களை உதிர்க்கும் தென்னை அது. கடல் கடந்து சென்று கற்பிக்கும் ஆசிரியன் முடத்தெங்குதானா என்பது சிந்தித்தற்குரியது.

1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஆசிரியர் பலர் நைஜீரியா, சாம்பியா முதலிய நாடுகளுக்குச் சென்று ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தனர். அவருள் தமிழரும் பலர். ஊதியம் நாடிச் சென்றவனும் ஆங்கே ஊதியத்தின் மேலானதொன்றைப் பெறுதல் கூடும். நேற்றுவரை வாய் திறவாதிருந்த மாணவன், தன் எண்ணத்தைப் பிறமொழியில் முழு வாக்கியமாக உரைக்கும் கணத்திலே ஆசிரியனுள்ளம் நிறைகின்றது. அந்நிறைவு பொய்யன்று. ஆயின், அதுவே அவனுடைய கடமை முழுவதையும் தீர்த்துவிடுமா?

பதுளை நோக்கிச் செல்லும் பெருவழியிலே பெரகலச் சந்தியில் பாதை பிரிகின்றது. ஒன்று அப்புத்தளைக்கு ஏறுகின்றது. மற்றொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. சூழவுள்ள மலைச்சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள். 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அக்காலத்து நாட்டின் ஏற்றுமதி வருவாயிலே தேயிலைக்குத் தலையாய பங்குண்டு. எனவே பட்டதாரியின் கல்விக்கு வார்க்கப்பட்ட நீரிலே கொழுந்து பறித்த கைகளின் வியர்வையும் கலந்திருந்தது. அக்கைகளுக்குரியோரின் பிள்ளைகளோ நெடுங்காலம் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடும் தோட்டப் பாடசாலைகளிலேயே ஒதுங்கிக் கிடந்தனர். ஆங்கிலம் அவர்களுக்குத் துரையின் மொழியாகவும் கந்தோரின் மொழியாகவுமே இருந்தது.

இவ்விடத்து மறுப்பொன்று எழும். தானியேல் பூவர் அமெரிக்காவை விட்டு 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் முதலதிபர். 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தவர். அவரையும் முடத்தெங்கெனப் பழித்தல் தகுமா? தகாது. அவர் வந்தமையால் நியூ இங்கிலாந்துப் பிள்ளைகள் ஆசிரியரின்றி வாடினாரல்லர். ஆகவே மரம் சாய்வது மட்டுமே குற்றமன்று. நீர் வார்த்தவன் பசித்திருக்க, அவனை மறந்து சாய்வதே குற்றம்.

எனினும் பழி முழுவதையும் ஆசிரியன்மேற் சுமத்துதலும் நீதியன்று. ஆபிரிக்கச் சிறுவனும் கற்கப் பிறந்தவனே. அவனுக்குக் கற்பித்தல் அறமன்றெனக் கூறவியலாது. மேலும், தென்னை நிமிர்ந்தே நின்றிருப்பினும் தோட்டப்பிள்ளைக்குக் காய் கிடைத்திருக்குமெனத் துணிதற்கில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப்பலரைப் பிறந்த மண்ணிலேயே அந்நியராக்கிற்று. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. வேலியை இட்டது ஆசிரியனல்லன். அதனைக் கண்டும் காணாதிருந்தமையே அவன்மேற் சாரத்தக்க குறை.

மனநிறைவும் கடன்தீர்வும் வெவ்வேறானவை என்பது இவற்றால் பெறப்படும். முன்னையது கற்போனிடமிருந்து வருவது, எந்நாட்டிலும் வாய்க்கக்கூடியது. பின்னையது கற்பித்தோனைக் கற்கச் செய்தவர்களுக்குரியது; இடம் பெயர்ந்தமையால் மறைந்துவிடுவதன்று. முன்னையதைப் பெற்றவன் பின்னையதும் தீர்ந்ததெனக் கருதும்போதே மயக்கம் பிறக்கின்றது. மயங்காதவனோ ஆங்குப் பெற்ற நிறைவையே இக்கடனை நினைவூட்டும் தூண்டுகோலாகக் கொள்வான். பிறநாட்டுச் சிறுவன் வாய் திறந்தபோது மகிழ்ந்த உள்ளம், லயத்துச் சிறுமியின் வாய் திறவாமையை எண்ணி வருந்தாதிருத்தல் எங்ஙனம்?

பெரகலச் சந்தியிலே நின்று பேருந்தேறிச் செல்லும் ஆசிரியன் எத்திசையிற் செல்லினும் செல்லுக. பிரிந்த பாதை திரும்பி வருவதற்கும் உரியது என்பதை அவன் மறவாதிருத்தல் வேண்டும்.