அரவானின் தலை

பகடை காட்டிய எண்ணை நான் மாற்றிச் சொன்னேன். நடந்தது இவ்வளவுதான். இருந்தும் மூன்று வாரமாக இது என்னை விட்டபாடில்லை.

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், ஞாயிறு சாயங்காலங்களில், என் அக்கா மகனும் அவன் சிநேகிதர்கள் மூவரும் கூடி ஆடுகிறார்கள். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்கிற ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு அதன் வாயாகப் பேசவேண்டும். மற்ற உலகம் முழுவதும் கதைசொல்லியின் பொறுப்பு. இங்கே அது நான். எது நடக்கும் என்பது சந்தேகமான இடத்தில் இருபது முகப் பகடை பேசும். அடிபட்டு விழுந்தவனுக்கு, 2014ல் வந்த விதிகளின்படி, அவன் முறை வரும்போதெல்லாம் ஓர் உருட்டல். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றி முந்தினால் பிழைப்பு. மூன்று தோல்வி முந்தினால் சாவு. எங்கள் வழக்கத்தில் அந்த உருட்டலை நானே அட்டை மறைவில் போடுகிறேன். ஆவலைக் கூட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது.

பையன் எட்டு மாதமாக வளர்த்த வில்லாளி மருதனுக்கு இரண்டு தோல்வி ஆகிவிட்டது. மூன்றாவதாக விழுந்தது நாலு. "பதினாலு" என்றேன்.

படியிறங்கும்போது கேட்டான்: "மாமா, நெசமா எவ்ளோ விழுந்துது?"

"பதினாலுடா."

"தாத்தா ஆஸ்பத்திரியில இருந்தப்போ போன்ல 'நல்லாருக்காருடா'ன்னு சொன்னீங்களே, அதே குரல்."

பரீட்சை முடியட்டும் என்று நாங்கள் எல்லோரும் கூடிச் செய்த காரியம் அது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவன் தாத்தாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்தான். அன்பினால் செய்தோம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அந்த அன்பில் அவனை எங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டோமா என்பதுதான் கேள்வி.

பகடைக்கு நியாயம் தெரியாது, அதன் கையில் ஏன் ஒரு உயிரைக் கொடுக்கவேண்டும் என்று கேட்கலாம். கற்பனை உயிர்தானே என்றும் கேட்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பவர்களும் உண்டு. நம் பாரதத்திலேயே கிருஷ்ணன் அட்டை மறைவில் உருட்டுகிறவன்தான். சக்கரத்தால் சூரியனை மறைத்து ஜயத்ரதனை வெளியே வரவைக்கிறான். நாகாஸ்திரம் வரும்போது தேரை அழுத்தி அர்ஜுனன் தலைக்குப் பதில் கிரீடத்தைக் கொடுத்துவிடுகிறான். சகுனியின் பகடையைப் பொய் என்று சொல்லிவிட்டு இதை லீலை என்று சொல்வதில் எனக்கு எப்போதுமே ஒரு சங்கடம்.

ஆனால் அரவானிடம் அவன் மறைக்கவில்லை. வியாசரில் இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் சாகிறான். சண்டையில் ஒரு சாவு. தமிழில் அது போருக்கு முன்பே நடக்கும் களப்பலி ஆகிவிட்டது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரிலேயே இருக்கிறது. பலி வேண்டும் என்று அவனிடமே சொல்லப்படுகிறது. அவனும் சம்மதிக்கிறான், ஒரு நிபந்தனையோடு: போரைப் பார்க்கவேண்டும். கூத்தில் அவன் வெட்டுண்ட தலை கம்பத்தின் மேலிருந்து பதினெட்டு நாளும் பார்க்கிறது. செத்தவனுக்குக் கதையில் ஓர் இடம் ஒதுக்கிய அந்தப் புத்தி யாருடையதோ, அவனை நான் பெரிய கலைஞன் என்பேன்.

சின்ன வயதில் பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் படுகளம் பார்த்திருக்கிறேன். களிமண்ணால் செய்த துரியோதனன், ஊரே ஏறி நிற்கலாம் போல அவ்வளவு நீளம், மல்லாந்து கிடந்தான். பீமன் தொடையில் அடிக்கப்போகிறான், திரௌபதி கூந்தல் முடியப்போகிறாள் என்பது கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பெண்கள் அவனுக்கு ஒப்பாரி வைத்தார்கள். முடிவு மறைக்கப்படாததால் அழுகைக்கு ஒரு குறைவும் வரவில்லை. இந்த ஆட்டத்திலோ முடிவு முன்கூட்டி யாருக்கும் தெரியாது. நேர் எதிரான இரண்டு ஏற்பாடுகள். ஆனால் இரண்டிலும் களத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இல்லை. நான் அந்த 'நாலை' மறைத்தபோது மருதன் பிழைக்கவில்லை; அதற்கு முன் அவன் தப்பித்த தப்பித்தல்களும் சேர்ந்து செத்தன. அவற்றில் எது உண்மை என்று பையன் இனி எதை வைத்துச் சொல்வான்?

மறு ஞாயிறு அட்டையை எடுத்துவிட்டேன். நடந்ததை நாலு பேரிடமும் சொன்னேன். ஒருவன் "விடுங்க மாமா, இப்போ உயிரோடதானே இருக்கான்" என்றான். என் அக்கா மகன் ஒன்றும் சொல்லாமல் மருதனின் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கீழே போய்விடுவான் என்று நினைத்தேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தான். இருட்டும்வரை, மற்ற மூவரும் மருதனை எங்கே புதைப்பது என்று சண்டை போட்டதை, அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.