தொண்டரின் நிய்யத்தும் தலைவரின் பொறுப்பும்

இங்கிலாந்தில் அறக்கடைகள் என்றொரு வழக்கம் உண்டு. மக்கள் தாம் உடுத்திய ஆடை, படித்த நூல், புழங்கிய பாத்திரம் ஆகியவற்றை ஈந்துவிட, அவற்றை விற்று வரும் வருவாய் வறியோர்க்குச் செல்கிறது. கிரேக்க நாட்டுப் பஞ்சத்தைத் தணிக்க 1942-இல் ஆக்ஸ்போர்டு நகரில் தோன்றிய ஆக்ஸ்பாம், 1940களின் இறுதியில் அந்நகரின் பிராட் தெருவில் இத்தகைய கடையைத் திறந்தது. இன்று அந்நாடெங்கும் இவை உள்ளன. ஊதியம் பெறும் மேலாளர் ஒருவரோ இருவரோ. ஏனையோர் பெரும்பாலும் கூலி பெறாத் தொண்டர். மூட்டை பிரிப்பதும், கிழிந்ததை ஒதுக்குவதும், விலைச்சீட்டு ஒட்டுவதும் அவர்தம் பணி.

பல்லாண்டு உழைத்த ஒருவர், தலைமையின் கடுஞ்சொல்லும் அலட்சியமும் பொறாமல் விலகினால், அவர் அறத்தைக் கைவிட்டவர் ஆவாரா? "ஏழைகளுக்கான பணியல்லவா, பொறுத்துக்கொள்ளலாகாதா?" என்று மேலிருப்போர் கேட்பதுண்டு. இக்குரல் நமக்கும் புதிதன்று.

இக்கேள்வியில் ஒரு சூது ஒளிந்திருக்கிறது என்போம். தொண்டரின் இக்லாஸ் இறைவனுக்கு உரியது. தலைவர் அதற்கு உடைமையாளர் அல்லர். ஜகாத் பெறத்தக்க எண்வகையினரைக் கூறும் தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம், ஏழைகளையும் வறியவர்களையும் அடுத்து, அதனைத் திரட்டும் ஊழியரையே வைத்துள்ளது. ஏழையின் பொருளிலேயே ஊழியருக்குப் பங்கு வகுத்த மார்க்கம், ஏழையின் பெயரால் ஊழியரை வருத்த இடந்தருமா? 2023 டிசம்பரில் ஆக்ஸ்பாமின் ஊழியர்கள், அதன் 81 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக, ஊதியத்திற்காக வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை நன்றி மறந்தோர் என நாம் கருதவில்லை.

உஹதுப் போரில் வில்லாளர் பலர் தம் இடத்தை விட்டகன்றது பேரிழப்புக்கு வழிகோலிற்று. பிழை அவர்பக்கமே, கடிந்துகொள்ளவும் நியாயம் இருந்தது. எனினும் ஆலு இம்ரான் 159-ஆம் வசனம், நாயகம் (ஸல்) அவர்கள் கடின உள்ளத்தினராய் இருந்திருப்பின் தோழர்கள் கலைந்தே போயிருப்பர் என்பதை உணர்த்தி, அவர்களை மன்னிக்கவும், காரியங்களில் அவர்களையே கலந்தாலோசிக்கவும் பணிக்கிறது. இறைத்தூதரின் அவையையே கடுமை கலைத்துவிடும் எனின், கடை மேலாளர் எம்மாத்திரம்!

விலகியவர்மீது பழியில்லை என்றோம், இழப்பில்லை என்றோமில்லை. எந்த நூல் அரியது, எந்த முதியவள் குளிர்காலத்தில் கம்பளியாடை தேடி வருவாள் என்று அறிந்தவர் போனபின், பிரிக்கப்படாத மூட்டைகள் பின்னறையில் குவிகின்றன. அவை ஈந்தோரின் அமானிதம். அவற்றின் கணக்கைப் போனவரிடம் கேட்பதை நாம் ஒப்பமாட்டோம்.