தோற்பதற்கென்று ஒருவன்

வளரும் குத்துச்சண்டை வீரனுக்கு எதிராளியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை வியாபாரத் தந்திரம் என்றே பேசுகிறோம். எனக்கு அது முதலில் அறக்கேள்வி. 1985 மார்ச்சில் தொழில்முறைக்கு வந்த மைக் டைசன், 1986 நவம்பரில் இருபது வயதில் உலகப் பட்டம் வென்றார். இடையே 27 வெற்றிகள். பல முதல் சுற்றிலேயே முடிந்தன. புருவத்தில் வாசலின் தடவிக்கொண்டு, வெல்ல வழியே இல்லாத மேடையில் ஏறுகிறவனும் மனிதன்தானே? மனிதனை வெறும் கருவியாக நடத்தாதே என்ற தத்துவஞானி கான்ட்டின் கோட்பாடு இங்கே நேராகப் பொருந்துகிறது. சம்மதித்துத்தானே பணம் வாங்குகிறான் என்பார்கள். வீட்டு வாடகைக்காகத் தரும் சம்மதம், அவன் தலையில் விழும் அடியின் பொறுப்பை ஏற்பாட்டாளரிடமிருந்து இறக்கிவிடாது.

கடினமான எதிராளி இளைஞனைக் கெடுத்துவிடுவான் என்ற அச்சமும் மிகையானது. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற லோமசென்கோ, 2014 மார்ச்சில் தம் இரண்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே அனுபவசாலி சாலிடோவிடம் தோற்றார்; அதுவும் எடை வரம்பைத் தாண்டி வந்தவரிடம். ஜூனில் கேரி ரசல் ஜூனியரை வென்று பட்டம் பெற்றார். எல்லோருக்கும் அவருடைய அமெச்சூர் அனுபவம் இராது, உண்மை. அனுபவம் குறைந்த பையனுக்குச் சவாலைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு படியிலும் எதிரே நிற்பவன் ஜெயிக்கவும் கூடும் என்று ஏற்பாட்டாளர் மனதார நம்ப வேண்டும். நம்ப முடியாவிட்டால் அந்தச் சண்டையை நடத்தவே கூடாது.