ஐந்து விரலையும் விரித்து

அரசாங்கத்துக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தால் என்ன ஆகிறது என்பதையே வாழ்நாள் முழுக்க ஆராய்கிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஹீக்ஸ் அவர்களில் ஒருவர். வளரும் நாடுகளின் மின்ஆளுமைத் திட்டங்களைப் பற்றி 2003-ல் ஒரு கணக்குச் சொன்னார்: 35 சதவிகிதம் முழுத் தோல்வி, 50 சதவிகிதம் அரைகுறை, 15 சதவிகிதம்தான் வெற்றி. பழி மெஷின் மேல் இல்லையாம். வடிவமைத்தவர் மனசில் இருந்த ஆபீஸ் வேறு, நிஜ ஆபீஸ் வேறு!

நம் நாட்டில் நிலைத்துவிட்ட ஒன்று, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு எஸ்.ரங்கராஜனுக்கு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். சுஜாதா என்றால் உங்களுக்குத் தெரியும்.

1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாக மெஷின் வைத்தார்கள். தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார். மெஷினுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல, அங்கெல்லாம் மறுபடி வாக்குச்சீட்டில் குத்தினார்கள். ஜெயித்தவர் மாறிவிட்டார்! அப்புறம் சட்டத்தைத் திருத்தி, 2004 பொதுத்தேர்தலில் நாடு முழுக்க மெஷின் வந்தது.

இங்கே ஒரு கேள்வி. ஒரு விஷயம் சரியாக இருந்தால் போதுமா? சரி என்று எனக்கும் தெரிய வேண்டாமா?

'ப்ளேன் எப்படிப் பறக்கிறது என்று தெரிந்துகொண்டா ஏறுகிறீர்கள்?' என்பீர்கள். ப்ளேன் டெல்லியில் இறங்கினால் டெல்லி கண்ணுக்குத் தெரியும். போட்ட ஓட்டு போய்ச் சேர்ந்தது தெரியாது. தேர்தலின் வேலை ஜெயித்தவரைச் சொல்வது மட்டுமல்ல. தோற்றவரை, 'சரிப்பா, தோத்துட்டேன்' என்று வீட்டுக்கு அனுப்புவதும்தான். நிபுணர் அல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், 2009-ல். நம் சுப்ரீம் கோர்ட்டும் 2013-ல் காகித அத்தாட்சி வேண்டும் என்றது. 2019 பொதுத்தேர்தலில் எல்லாச் சாவடியிலும் ஏழு விநாடி அந்தச் சீட்டைப் பார்த்தோம்.

பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. குடவோலைக் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓலையை எடுப்பது விவரம் அறியாத சிறுவன். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கல்வெட்டே சொல்கிறது. அவர் யோக்கியர்தான், ஆனாலும் விரலை விரிக்கணும்!

ஓட்டு எப்போதோ ஒரு முறை. ரேஷன் மாசாமாசம். உறையூரில் சுருட்டு சுற்றியே ரேகை தேய்ந்துபோன ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு தடவை விரலை வைக்கிறாள். மெஷின், 'நீ அவளில்லை' என்கிறது. ஏன் என்று கடைக்காரருக்கும் தெரியாது. வேறு வழியில் அரிசி கொடுக்க இடமிருந்தாலும், தான் தான்தான் என்று நிரூபிக்கிற பாரம் ஏன் பாட்டி தலையில் இருக்க வேண்டும்?

இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்யப்போகும் பிள்ளைகளே, சர்வர் அறையில் ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பாட்டிக்குப் பின்னால் வரிசையில் நின்று ஆரம்பியுங்கள். நம்மை விரல் வை என்கிற அரசாங்கம், முதலில் தன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டட்டும்.