பாட்டி கொடுத்த மோதிரம்

திருச்சி நகரிலும், காவிரிப் பாலத்துக்கு அப்பால் ஸ்ரீரங்கத்திலும் முதியோர் இல்லங்கள் பல உண்டு. பிள்ளைகள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்க, பெற்றோர் இங்கே ஓர் ஆயாவின் பராமரிப்பில் இருக்கிறார்கள். பெற்ற மகளும் முகஞ்சுளிக்கும் வேலையைச் சொற்பச் சம்பளத்துக்குப் பொறுமையாய்ச் செய்கிற ஆயாக்கள் எத்தனையோ பேர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

படுக்கையிலிருக்கும் பாட்டி தன் மோதிரத்தைக் கழற்றி, "நீயே வைத்துக்கொள், அம்மா" என்கிறாள். ஆயா கேட்கவில்லை, பறிக்கவுமில்லை. வாங்கிக்கொள்ளலாமா?

மனமுவந்து கொடுத்ததில் குற்றமென்ன என்பர் சிலர். ஆனால் அது கொடையாக வேண்டுமானால், 'மாட்டேன்' என்று சொல்லவும் பாட்டிக்கு இயலவேண்டும். நடுஇரவில் தண்ணீர் தருவதும் நனைந்த சேலையை மாற்றுவதும் யார் கையிலோ, அவரிடம் அப்படிச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? யாரும் மிரட்டாமலேயே அங்கே அச்சம் இருக்கலாம். ஏழாம் கற்பனை களவை மட்டுமன்று, அநியாயமாய் வந்ததை வைத்துக்கொள்வதையும் விலக்குகிறது.

1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இந்த அச்சத்தை அறிந்திருக்கிறது. முதுமையாலோ நோயாலோ மனந்தளர்ந்தவரோடு, அவரை ஆட்டிவைக்கும் நிலையிலுள்ளவர் செய்த ஒப்பந்தம் வெளிப்படையாகவே அநியாயமாய்த் தோன்றினால், தாம் நெருக்கவில்லையென்று அவரே நிரூபிக்கவேண்டும். கிறிஸ்தவர்களின் உயிலுக்குரிய 1925-ம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி, சாட்சிக் கையொப்பமிட்டவருக்கு அதே உயிலில் எழுதிவைத்த பொருள் செல்லாது. கையெழுத்திட முடியாத நோயாளியின் பெருவிரல் ரேகைக்கு இரு சாட்சிகள் வேண்டும், ஒருவர் வங்கி அதிகாரியாயிருக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாமோ சௌகரியத்துக்காக ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் சேர்த்தே ஊழியர் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறோம்!

இல்லத்தை நடத்துவோருக்கும் இதே நியாயந்தான். நம் சபையார் நடத்தும் இல்லங்களும் விலக்கல்ல. நெருங்கிய உறவினருள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதும் உயில், மரணத்துக்குப் பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமல் முன்பே எழுதப்பட்டிருக்கவேண்டுமென்று 118-ம் பிரிவு தடுத்திருந்தது. கிறிஸ்தவருக்கு மட்டும் இத்தடை பாரபட்சமென்று 2003-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. நீக்கியது நியாயமே. அதனாலேயே, சாகக்கிடப்பவரிடம் நன்கொடைத் தாளை நீட்டுமுன் நாம் இருமடங்கு யோசிக்கவேண்டும்.

அப்படியானால் முதியவர் கையில் ஒரு காசும் விடக்கூடாதா? அதுவும் ஒருவகைப் பறிப்பே. அதை ஊழியரைவிடப் பிள்ளைகளே அதிகம் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். கொடுப்பதில் பாட்டிக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. அதைப் பிடுங்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே ஆயா இப்படிச் சொல்லட்டும்: "இப்போது வேண்டாம், பாட்டி. உங்கள் மகன் வரும்போது அவர் எதிரில் கொடுங்கள்." மகன் வரட்டும், தாயிடம் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு கேட்கட்டும். அவள் மனம் அப்போதும் மாறவில்லையென்றால், இல்லத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு மோதிரத்தைக் கொடுக்கலாம். நாளைக்கு வேறொரு நகை காணாமற்போனால், அந்தப் பதிவே ஆயாவைப் பழியிலிருந்து காக்கும்.

மகன் வருவதேயில்லையென்றால்? பங்கிலிருந்து இருவர் மாதம் ஒருமுறையாவது போய்ப் பாஸ்புத்தகத்தை அவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். கணக்கில் ஐயம் எழுந்தால், முதியோருக்கான 14567 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.