தலைகுனிய வேண்டியவர் நீங்கள் அல்ல

"அம்மா, அந்த சார் கிளாஸுக்கு நான் போகமாட்டேன்."

இதைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் தெரியுமா? வயிற்றுவலி என்று படுத்துப் பார்த்து, டிபன் பாக்ஸைத் திறக்காமலே கொண்டுவந்து பார்த்து, எதுவும் பலிக்காமல்தான் அது வாயைத் திறக்கிறது. பிள்ளை துணிந்துவிட்டது. இனி துணிய வேண்டியவர் நீங்கள்!

"நீ என்ன பண்ணினே?" என்று கேட்காதீர்கள். "நீ சொல்றதை நம்புறேன். உன்மேல தப்பில்லை" என்று சொல்லுங்கள். ஆண்பிள்ளை சொன்னாலும் அப்படியே நம்புங்கள். 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகள் பாதிக்கு மேல். அவர்களிலும் பாதிக்கு மேல் பையன்கள்.

பள்ளிக்குப் போனால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். "பொண்ணு வாழ்க்கையை யோசிங்க. ஸ்கூல் பேரு கெட்டுடும். நாங்களே அவரைக் கண்டிச்சிட்டோம்" என்பார்கள். மசியாதீர்கள்! பேசித் தீர்க்க இது வரப்புத் தகராறு அல்ல. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 2021-ல் கோவையில், புகார் வந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று ஒரு பள்ளி முதல்வரே கைதானார்.

ஸ்டேஷன் வாசலை மிதிக்கக் கூச்சமா? பிள்ளை அங்கே போக வேண்டியதில்லை. வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது சட்டம். கூடியவரை பெண் எஸ்.ஐ. வர வேண்டும். யார் வந்தாலும் காக்கி உடையில் வரக்கூடாது. பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் பத்திரிகை வெளியிடக்கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள்.

மானம் போய்விடும் என்கிறீர்கள். யாருடைய மானம்? கைவைத்தவனுக்கல்லவா போக வேண்டும்! 2021 மே மாதம் சென்னையில் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவிகள் சமூக வலைதளத்தில் வாய் திறந்தார்கள். அவர்கள் புகார் சொன்ன ஆசிரியர் கைதானார். அதைப் பார்த்து மற்றப் பள்ளிகளின் பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வாய்கள் அந்த ஒரு மாதத்தில் திறந்தன. அந்தப் பெண்கள் யாரும் தலைகுனியவில்லை.

ஆசிரியர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். "அவரைப் பத்தித்தான் எல்லாருக்கும் தெரியுமே" என்று ஸ்டாஃப் ரூமில் கிசுகிசுப்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்களே, அந்தக் கிசுகிசுப்புதான் அவனுக்குப் பாதுகாப்பு. உங்களுக்குச் சந்தேகம் வந்தாலே தகவல் சொல்லலாம். ஆதாரம் தேடுவது போலீஸ் வேலை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்று அதே சட்டம் உங்களைக் காக்கிறது.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நாளைக்கும் அந்த வகுப்புக்கு மணி அடிக்கும்.