அச்சுப்பிழை யார் பிழை?

அச்சுப் புத்தகத்திலே பிழை காணுங்கால் ஆக்கியோனை நோவார் சிலர். அச்சுக்கோத்தவனை நோவார் பலர். பலர் கூற்றை யாம் முழுதும் உடன்படோம்.

ஏட்டுச்சுவடியில் நேர்ந்த வழு அவ்வேட்டிலும் அதனைப் பார்த்தெழுதிய சிலவற்றிலும் அடங்கும். அச்சிலோ ஓரெழுத்துப் பிறழின் ஆயிரம் படியினும் பிறழும். இதனை நன்குணர்ந்தவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த அவர், 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். பாடசாலை முந்தியது, யந்திரம் பிந்தியது என்பதை ஆசிரியர்கள் கருதுக. பிழையின்மையே நாவலர் பதிப்புக்களின் பெயராயிற்று.

அச்சுக்கோப்போன் தொழிலை நோக்குவாம். இடம் வலமாகத் தோன்றும் ஈயவெழுத்துக்களை ஒவ்வொன்றாக அடுக்குகின்றான். அச்சிட்டபின் அவற்றைப் பிரித்து அவ்வவற்றின் அறையிலே இடல்வேண்டும். ளகரத்தை லகர அறையில் இட்டவனுக்கு அன்று தீங்கொன்றுமில்லை. நாளை வேறொருவன் கோக்கும் நூலில் அது வெளிப்படும். அவனுக்கோ கண் மூலப்படியில், கை அறையில்! காணப்படாத அவ்வழுவுக்கும் முன்னவன் பொறுப்பாளியே. ஆயினும், திருத்தப்படி கைக்கு வந்தும் ஒப்புநோக்காது விடுத்தவன் குற்றம் அதனினும் பெரிதென்பது எம் துணிபு.

இக்காலத்து நூல்கள் கணினியிற் கோக்கப்படுகின்றன. பழைய பொறிகள் சிலவிடங்களிற் பற்றுச்சீட்டுக்கு இலக்கமிடுதல் முதலிய சிறுபணிகளுக்கே உதவுகின்றன. விரலசைவாற் பிழை திருத்தலாமாதலின் பழைய அச்சம் வேண்டாவென்பாருமுளர். வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் விழாவுக்கு அச்சிட்ட அறிவித்தல், திதி பிழைத்தவாறே காரைதீவு வரை வீடுதோறுஞ் சென்றுவிடின், எவ்விரலசைவு அதனை மீட்கும்?